புயலால உடைஞ்சதா, முந்தியே உடைஞ்சிருந்ததா? அலஸ்தோட்டம் வீட்டுக் கிளைம் பற்றி ஒரு விவாதம்

அலஸ்தோட்டம்_மகள் | 2020 டிசம்பர் 28

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீட்டா எழுதப்போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ. அம்மா அப்பா திருகோணமலைக்குக் கிட்ட அலஸ்தோட்டத்தில இருக்கினம், நான் கலியாணம் முடிச்சு கொழும்பில. இந்த மாசம் 2ஆம் திகதி ராத்திரி புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையால கரை ஏறின நேரம் எங்கட வீட்டு முகட்டு ஓடு கொஞ்சமும் வடக்குப் பக்கத் தாழ்வாரத்தில மூண்டு வரிசை ஓடும் பறந்திட்டுது, விடிய மட்டும் மழை உள்ளுக்க ஊத்தி ஹோல் சீலிங் தொங்கிப்போய் அம்மாட அறையில மெத்தை அலுமாரி எல்லாம் நாசம். குசினிப் பக்கம் அஸ்பெஸ்டஸ் சீற் நாலில வெடிப்பு, குசினிச் சுவரிலயும் ஒரு வெடிப்பு, பின் மதில் ஒரு துண்டு விழுந்து கிடக்கு. கொரோனாவால நான் உடன வரவும் ஏலாமப் போச்சு.

வீட்டுக் காப்புறுதிப் பொலிசியில நெருப்பு, மின்னல், புயல், சூறாவளி, வெள்ளம் எல்லாம் இருக்கு, 11 வருஷமா ஒரு மாசமும் பிந்தாமக் கட்டினது. கம்பனியால பார்க்க வந்த பெடியன் கூரைக்கு ஏறவே இல்ல, முற்றத்தில நிண்டு எட்டுப் படம் எடுத்தவர், ஹோல் சீலிங்கில ஒரு மூலையில பழைய மஞ்சள் வளையம் ஒண்டு இருந்தது, அதுக்கு மட்டும் கதிரை வைச்சு ஏறிக் கிட்டப் போய் ரெண்டு படம். நேத்து கடிதம் வந்திருக்கு. 'நீண்டகாலத் தேய்மானமும் பராமரிப்பின்மையும்' தான் காரணமாம், முழுக் கிளைமும் இல்லையாம்.

அப்பா அந்தக் கடிதத்தை மூண்டு தரம் வாசிச்சவர் எண்டு அம்மா சொன்னா. ஒவ்வொரு மாரிக்கும் முதல் மேசனைக் கூப்பிட்டு உடைஞ்ச ஓடு மாத்துற மனுசன் அவர். காசை விட அந்தப் 'பராமரிப்பின்மை' எண்ட சொல்லுத்தான் அவருக்குக் குத்துது. புயலால வந்தது எது, முந்தியே இருந்தது எது எண்டு எப்பிடிப் பிரிக்கிறது? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

மடத்தடிப்_பெடியன் | 2020 டிசம்பர் 28

அக்கா கவலைப்படாதீங்கோ. எங்கட ஒழுங்கையில மட்டும் மூண்டு வீட்டுக்கு இதே வசனத்தோட கடிதம் வந்திருக்கு, பேரை மட்டும் மாத்தி அடிச்சிருக்கினம் போல. ஒண்டு மட்டும் சொல்லுறன், 'சரி' எண்டு எதிலயும் கையெழுத்து வைக்க வேண்டாம் எண்டு அப்பாட்டச் சொல்லுங்கோ.

ஓய்வு_மதிப்பீட்டாளர் | 2020 டிசம்பர் 28

பிள்ளை, நான் 28 வருஷம் இழப்பு மதிப்பீட்டு வேலை செய்து ஓய்ஞ்சவன், வாகரையில இருந்து புல்மோட்டை மட்டும் ஏறாத கூரை குறைவு. எங்களுக்குப் பீஸ் குடுக்கிறது கம்பனிதான், ஆனா பார்த்ததைப் பார்த்தபடி எழுதுறதுக்குத்தான் அந்தப் பீஸ், அதை முதல்ல சொல்லிப்போட்டுத் தொடங்குறன்.

அந்தக் கடிதத்தில எனக்குத் தெரியிற பெரிய பிழை, வீடு முழுக்கவும் ஒரே வயசில உடைஞ்ச மாதிரிப் பார்த்தது. ஒரு கூரையில பழைய சேதமும் புதுச் சேதமும் பக்கத்தில பக்கத்தில இருக்கும், சில நேரம் ஒரே ஓட்டில கூட இருக்கும். பார்க்கப் போறவன் ஒவ்வொரு உடைவிட்டயும் உனக்கு என்ன வயசு எண்டு கேக்கவேணும், அதுதான் வேலை. முற்றத்தில நிண்டு கேட்டா அது பதில் சொல்லாது.

அந்த மஞ்சள் வளையத்தைச் சொல்லுறன் கேளுங்கோ. ஒரு ராத்திரி நனைஞ்ச சீலிங் எண்டா அகலமா ஒரு ஈரம், வெளி ஓரத்தில ஒரே ஒரு கறைக்கோடு, பாரத்தில சீற் தொங்கும், ஆணி இன்னும் வெள்ளையா இருக்கும். நனைஞ்சு காய்ஞ்சு நனைஞ்சு காய்ஞ்சு வந்த இடம் எண்டா ஒவ்வொரு தரமும் தண்ணி ஊத்தையை ஓரத்துக்குத் தள்ளி விட்டிட்டுக் காயும், அதால வளையத்துக்குள்ள வளையமா இருக்கும், ஆணித் தலையில கறள் இருக்கும், மேல றீப்பையில (ஓட்டைத் தாங்குற மெல்லிய சட்டம்) பூஞ்சணம் கறுத்து இருக்கும். உங்கட வீட்டில ரெண்டும் இருந்திருக்கு போல. அந்த மூலை பழசுதான், அதை மறைக்காதீங்கோ. ஆனா அந்த மூலையைக் காட்டி மிச்சச் சீலிங் முழுக்கப் பழசு எண்டு எழுத ஏலாது.

இன்னொண்டு. அநேகமான பொலிசியில வீட்டுக்குள்ள மழை வந்த நட்டத்துக்குக் காசு தாறது, காத்து முதல்ல கூரையைத் திறந்து அந்தத் துவாரத்தால மழை வந்திருந்தாத்தான். முந்தியே இருந்த ஓட்டையால ஒழுகினா அது புயல் இல்ல. அதால ஹோலில நனைஞ்ச இடத்துக்கு நேர மேல கூரை திறந்த இடம் இருக்கோ எண்டு காட்டுறதுதான் உங்கட கிளைமின்ட முதுகெலும்பு. மேல இருந்து ஒண்டும் கீழ இருந்து ஒண்டுமா படம் இருக்கோ?

அலஸ்தோட்டம்_மகள் | 2020 டிசம்பர் 29

ஐயா மிச்சம் நன்றி. என்ட தம்பி 3ஆம் திகதி விடிய ஏணி வைச்சு ஏறித் தறப்பாள் போட்டவன், போட முதல் போனில கொஞ்சப் படம் எடுத்திருக்கிறான், நல்ல காலம். கீழ விழுந்த ஓட்டை அப்பா கூட்டிக் குவிச்சு மா மரத்தடியில வைச்சிருக்கிறார், எறியேல்ல.

கைமரம் | 2020 டிசம்பர் 29

தங்கச்சி அந்த ஓட்டை எறிய வேண்டாம், அதுதான் உங்கட சாட்சி. நான் கூரைத் தச்சன், செல்வநாயகபுரம். ஐயா சொன்னதோட என்ட கண்ணால பார்த்ததையும் சொல்லுறன்.

கலிக்கட் ஓடு (சுட்ட களிமண் ஓடு) உடைஞ்சா உள்பக்கம் செங்கட்டி மாதிரிப் பளிச்செண்டு சிவப்பா இருக்கும், விளிம்பு கூரா இருக்கும், விரலால தடவினா மா மாதிரித் தூள் ஒட்டும். பழைய உடைவு எண்டா அந்த முகத்திலயே பாசி பிடிச்சு இல்லாட்டி புழுதி ஏறி மங்கிப்போய் விளிம்பு மழுங்கியிருக்கும். இது ஒரு சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஆனா ஏறிக் கையில எடுத்துப் பார்க்கோணும்.

அடுத்தது ஓடு எங்க கிடந்தது எண்டது. மூக்கு (றீப்பையில கொழுவுற முனை) தேய்ஞ்சு தன்ட பாட்டில சறுக்கின ஓடு பீலிக்குள்ள இல்லாட்டி சுவரடியில விழும். காத்துத் தூக்கினது முற்றத்துக்கு எட்டப் போய் விழும், கவிழ்ந்து கிடக்கும், ஒண்டு ரெண்டு இல்லாம வரிசையாப் போயிருக்கும். குரங்கு பாய்ஞ்ச கூரை எண்டா அங்க ஒண்டு இங்க ஒண்டா விலகியிருக்கும், ஒரு ஒழுங்கும் இராது. ஆள் ஏறி மிதிச்சது ஓட்டின்ட நடுவில வெடிக்கும். தேங்காய் விழுந்தா ஒரே இடத்தில நாலஞ்சு ஓடு நொருங்கி, கீழ றீப்பையிலயும் அடி பட்ட அடையாளம் இருக்கும்.

முகட்டோட்டுக்குச் சாந்தைப் பாருங்கோ. சாந்து இப்பதான் விட்டது எண்டா ஓடு இருந்த இடம் வெளிறி இருக்கும். முந்தியே விட்டுப்போய்ச் சும்மா பாரத்தில இருந்தது எண்டா அந்த இடத்தில கறுப்புப் படிஞ்சு எறும்பு மண் கூட இருக்கும்.

தகரம் எண்டா கிழிஞ்ச விளிம்பு வெள்ளி மாதிரி மினுங்கும், ஆனா எங்கட உப்புக் காத்துக்கு ரெண்டு மூண்டு கிழமையில கறள் ஏறி பழசு மாதிரி ஆயிடும், அதால அண்டைக்கே படம் எடுக்கோணும், ஒரு மாசம் கழிச்சு வாற ஆளுக்கு எல்லாம் பழசாத்தான் தெரியும். இந்த விஷயத்தில எனக்குச் சரியான கவலை. சனம் பிந்திச் சொல்லுறதும் ஆக்கள் பிந்தி வாறதும் சேர்ந்து உண்மையான சேதமும் பழசாப் போகுது.

நிலாவெளி_விடுதி | 2020 டிசம்பர் 30

என்ட கதையையும் எழுதுறன், ஆருக்காவது உதவும். கடற்கரையில எனக்கு நாலு அறை விடுதி, தகரக் கூரை. இந்தப் புயலுக்கு பதினொரு சீற் போச்சு. வந்த மதிப்பீட்டாளர் நல்ல மனுசன், ஒவ்வொரு சீற்றா எடுத்து ஆணி ஓட்டையைப் பார்த்தவர். ஆறு சீற்றில ஓட்டை இருந்த இடத்தில தகரம் நல்லா இருந்து இழுபட்டுக் கிழிஞ்சிருக்கு. மற்ற அஞ்சில ஓட்டை முந்தியே நீளமாப் போய், நீளம் முழுக்கக் கறள், வாஷரும் உக்கிப்போய். கச்சான் காத்துக்கும் வாடைக் காத்துக்கும் வருஷக்கணக்கா ஆடி ஆடித் தேய்ஞ்சது எண்டு எனக்கே காட்டினவர். ஆறுக்குத் தந்தினம், அஞ்சுக்கு இல்ல. அந்த நேரம் நான் சத்தம் போட்டனான், பிறகு யோசிச்சுப் பார்த்தா அவர் காட்டினது உண்மைதான், நான் அந்த அஞ்சையும் மாத்தியிருக்கோணும்.

கொட்டியாரத்தான் | 2020 டிசம்பர் 30

விடுதி அண்ணை, நீங்க பெருந்தன்மையாச் சொல்லுறீங்கள் ஆனா நான் ஒத்துக்கொள்ள மாட்டன். அந்த அஞ்சு சீற்றும் 2ஆம் திகதி பின்னேரம் மட்டும் கூரையில இருந்ததோ இல்லையோ? மழைக்கு ஒழுகாம இருந்ததோ இல்லையோ? பிறகு ராத்திரி பறந்தது. அப்ப பறக்க வைச்சது எது? ஓட்டையோ புயலோ? 20 வருஷக் கூரை எதில தேய்மானம் இல்ல சொல்லுங்கோ பார்ப்பம். வாங்கேக்க வீட்டின்ட வயசைக் கேட்டுத்தானே பொலிசி எழுதினவை, அப்ப காசு வாங்கினது எந்தக் கூரைக்கு? இந்தத் 'தேய்மானம்' எண்ட சொல்லை எல்லாத்துக்கும் போடலாம் எண்டா பிறகு புயல் கவர் எதுக்கு? மூதூரில எங்கட சித்தப்பாவுக்கும் இதேதான் நடந்தது, மனுசன் வழக்குப் பேச வசதியில்லாம விட்டிட்டார்.

ஓய்வு_மதிப்பீட்டாளர் | 2020 டிசம்பர் 30

கொட்டியாரம் தம்பி கேட்டது சரியான கேள்வி, இதில எங்கட ஆக்களுக்குள்ளயே ரெண்டு கட்சி இருக்கு. என்ட நிலைப்பாட்டைச் சொல்லுறன்.

தேய்மானம் எண்டது ஒரு நிலை, சும்மா நிண்ட கூரையை அது ஒரு ராத்திரியில தூக்கி எறியாது. அதால நான் முதல்ல பார்க்கிறது, பக்கத்தில இருந்த நல்ல சீற் என்ன ஆச்சு எண்டது. விடுதிக்காரற்ற இடத்தில தேயாத ஆறு சீற்றே கிழிஞ்சு போயிருக்கு. அப்ப அண்டைக்கு அடிச்சது நல்ல கூரையையே தூக்கிற காத்து. அந்தக் காத்துக்கு முன்னால மற்ற அஞ்சும் புதுசா இருந்தாலும் நிண்டிராது எண்டுதான் நான் எடுப்பன், பதினொண்டையும் புயல் எண்டு எழுதுவன், அந்த அஞ்சுக்குப் பழமைக் கழிவை (பழசுக்காகக் கழிக்கிற தொகை) கூட்டிப் போடுவன். பழமை தொகையைக் குறைக்கலாம், காரணத்தை மாத்த ஏலாது. இதுவே ஒரு சாதாரண மாரிக் காத்துக்கு நல்ல சீற் எல்லாம் அப்பிடியே இருக்க இந்த அஞ்சு மட்டும் போயிருந்தா, அங்க காரணம் தேய்மானம்தான், நான் ஒரு சதமும் எழுதியிருக்க மாட்டன்.

ரெண்டு பக்கத்துக்கும் பொறுப்பு இருக்கு தம்பி. சேதம் நடந்தது, அது பொலிசியில இருக்கிற ஆபத்தால நடந்தது எண்டு முதல்ல காட்டவேண்டியது வீட்டுக்காரர். அதைக் காட்டினாப் பிறகு, இல்ல இது விலக்கில (பொலிசி காசு தராத காரணங்கள்) விழுது, கறள், உக்கல், கறையான், கட்டுமானக் குறை எண்டு சொல்லவேண்டியதும் அதை நிரூபிக்கவேண்டியதும் கம்பனி. ஒரு மஞ்சள் வளையப் படத்தோட அந்தப் பாரம் தீராது. பொலிசிக்குப் பொலிசி வாசகம் மாறும், அதால கையில இருக்கிற பொலிசியை எடுத்து விலக்குப் பக்கத்தை ஒருக்கா முழுசா வாசியுங்கோ, முன் பக்கத்தை மட்டும் பார்த்துப்போட்டு இருக்க வேண்டாம்.

வானிலைக்_குறிப்பு | 2020 டிசம்பர் 31

காத்து எந்தப் பக்கத்தால அடிச்சது எண்டு ஒருத்தரும் இன்னும் கேக்கேல்ல. நான் வானிலைத் துறை ஆள் இல்ல, சின்ன வயசில இருந்து குறிச்சு வைக்கிற பழக்கம் மட்டும்.

எங்கட பக்கத்துச் சூறாவளி இடஞ்சுழியாச் சுத்தும், கடிகாரத்துக்கு எதிர். மையம் கிழக்கில இருந்து வரேக்க அதுக்கு மேற்கால இருக்கிற ஆக்களுக்கு வடக்கில இருந்து காத்து. புரெவியின்ட மையம் திருகோணமலை ரவுணுக்கு வடக்கால கடந்தது, அதால ரவுண், உப்புவெளி, அலஸ்தோட்டம் பக்கமெல்லாம் முதல்ல வடக்குக் காத்து, பிறகு மேற்கில இருந்து தரைக்காத்து, பிறகு தெற்கு எண்டு திரும்பியிருக்கோணும். மையத்துக்கு வடக்கால முல்லைத்தீவுப் பக்கம் இருந்த ஆக்களுக்கு வடக்கு, பிறகு கிழக்கில இருந்து கடல் காத்து, பிறகு தெற்கு. ஒரே புயல், ஆனா முல்லைத்தீவுக் குமுழமுனையில விழுந்த மரமும் உப்புவெளியில விழுந்த மரமும் ஒரே பக்கம் விழவேணும் எண்டு இல்ல. மகள் அக்கா, உங்கட பக்கம் வாழை எந்தப் பக்கம் சரிஞ்சு கிடந்தது எண்டு அப்பாட்டக் கேளுங்கோ.

இன்னொரு கணக்கும் இருக்கு. காத்தின்ட இழுவை வேகத்தின்ட வர்க்கத்துக்குத்தான் கூடும். மணிக்கு 60 கிலோமீற்றர் 85 ஆனா இழுவை ரெட்டிப்பு, 50 நூறானா நாலு மடங்கு. முன்னறிவிப்பில 80-90 எண்டு சொன்னவை. அதால ஒவ்வொரு மாரிக்கும் நிண்ட கூரை இண்டைக்கு ஏன் நிக்கேல்ல எண்டு கேட்டா இதுதான் பதில். வளிமண்டலவியல் திணைக்களத்துக்கு எழுதிக் கேட்டா அந்தத் திகதிக்கான காத்து, மழை விபரத்தைக் கடிதமா எடுக்கலாம், அதுக்கு ஒரு கட்டணம் இருக்கும்.

ஓய்வு_மதிப்பீட்டாளர் | 2020 டிசம்பர் 31

நல்ல விஷயம் தம்பி. ஒரு திருத்தம் மட்டும், காத்து அடிக்கிற பக்கந்தான் உடையவேணும் எண்டு ஆரும் எடுக்க வேண்டாம். காத்து கூரைக்கு மேலால ஓடேக்க மேல இழுக்கும், அந்த இழுவை அதிகமாத் தாழ்வார விளிம்பிலயும் மூலையிலயும் முகட்டிலயும், காத்துக்கு முதுகு காட்டுற சரிவிலயும் வரும். அதால திசை ஒத்துப்போனா அது உங்களுக்குப் பலம், ஒத்துப்போகாட்டி உடன பொய் எண்டு இல்ல. ஆனா விளிம்பும் முகடும் அப்பிடியே இருக்க நடுக் கூரையில மட்டும் ரெண்டு ஓடு போனது எண்டா எனக்குச் சந்தேகம் வரும், அங்க தென்னை இருக்கோ, ஆர் ஏறினது எண்டு கேப்பன்.

கிண்ணியா_உம்மா | 2021 ஜனவரி 2

தங்கச்சி ஒங்கட கதைய வாசிச்சன், கவலயாப் போச்சு. ஒரு விஷயம் சொல்றன், எங்கட ஊட்டுல முந்தி ஒரு மாரிக்கு நடந்தது. களப்புத் தண்ணி ஏறி ஊட்டுக்குள்ள முழங்கால் அளவு, மேல கூரையாலயும் தண்ணி. எங்கட பொலிசியில புயல் இருந்திச்சு வெள்ளம் இல்ல, எங்கட ஊட்டுக்காரருக்கு அது ரெண்டும் வேற எண்டே தெரியா. வந்தவர் செவத்தப் பாத்தார். கீழ இருந்து ஒரு மட்டத்துல நேர்கோடா சேத்துக் கோடு, அது வெள்ளமாம். மேல இருந்து வழிஞ்ச கறை, அது கூரையால வந்த மழையாம். கோட்டுக்குக் கீழ இருந்த பிரிஜ், செற்றி, அலுமாரி ஒண்டுக்கும் தரல்ல, மேல சீலிங்குக்கு மட்டும் தந்தாங்க. அப்பதான் வெளங்கிச்சு. தண்ணிதானே எண்டு நாங்க நெனக்கிறம், அவங்களுக்குத் தண்ணி எங்கால வந்தது எண்டதுதான் கணக்கு. வருஷம் புதுப்பிக்கக்குள்ள வெள்ளம் இரிக்கா எண்டு கேட்டுப் போடுங்க எல்லாரும், களப்புப் பக்கம் இரிக்கிற ஆக்கள் கட்டாயம்.

செவத்துல நிலத்துல இருந்து கொஞ்ச அடி வரைக்கும் உப்புப் பூத்து பெயின்ட் உரியிறது வேற, அது வருஷம் முழுக்க இரிக்கிற ஈரம், அதையும் புயல் எண்டு காட்டப் போனா மத்ததையும் நம்ப மாட்டாங்க.

அலஸ்தோட்டம்_மகள் | 2021 ஜனவரி 3

எல்லாரும் சொன்னதை ஒண்டொண்டா அப்பாவோடயும் தம்பியோடயும் வீடியோக் கோலில பார்த்தம். உள்ளதை உள்ளபடி எழுதுறன்.

பின் வளவு வாழை எல்லாம் தெற்குப் பக்கமாச் சரிஞ்சு கிடந்ததாம், பக்கத்து வீட்டு அண்ணையிட்டயும் அந்தப் படம் இருக்கு. எங்கட முகடு கிழக்கு மேற்கா ஓடுது, போனது வடக்குச் சரிவின்ட விளிம்பு. ஓட்டுக் குவியலில பெரும்பாலும் உள்பக்கம் நல்ல சிவப்பு, ஒரு அஞ்சாறில மட்டும் பாசி. தம்பி எடுத்த படத்தில முகட்டுச் சாந்து வெளிறித்தான் இருக்கு.

குசினி அஸ்பெஸ்டஸ் வெடிப்பு நாலும் கொக்கி ஆணி ஓட்டையில இருந்து தொடங்குது, வெடிப்பின்ட ஓரத்தில கறுப்புக் கோடு. அப்பாவே சொல்லிப்போட்டார் அது பழசாத்தான் இருக்கும், இறுக்கிப் பூட்டினது எண்டு. குசினிச் சுவர் வெடிப்புக்குள்ள பச்சைப் பெயின்ட் போயிருக்கு, அந்தப் பெயின்ட் தங்கச்சியின்ட சாமத்தியத்துக்கு அடிச்சது, அப்ப வெடிப்பு அதுக்கும் முந்தினது. மதில்தான் விளங்கேல்ல, வேம்பு ஒண்டு கிட்ட நிக்குது ஆனா விழேல்ல.

கைமரம் | 2021 ஜனவரி 3

குசினியையும் சுவரையும் கிளைமில இருந்து நீங்களே எடுத்து விடுங்கோ தங்கச்சி. பிறகு பாருங்கோ மற்றதுக்கு உங்கட சொல்லு எவ்வளவு நிக்கும் எண்டு. அஸ்பெஸ்டஸை மட்டும் உடைக்காம, அறுக்காம, நனைச்சு இறக்குங்கோ, தூசு நெஞ்சுக்குக் கூடாது.

மதிலுக்கு அடியில தோண்டிப் பாருங்கோ. வேர் அத்திவாரத்தைத் தூக்கியிருந்தா அங்க பழைய பிளவு இருக்கும், உள்ளுக்க மண்ணும் சல்லி வேரும் போயிருக்கும். புதுசா முறிஞ்ச பக்கம் சீமெந்து சாம்பல் நிறமாச் சுத்தமா இருக்கும்.

ஓய்வு_மதிப்பீட்டாளர் | 2021 ஜனவரி 4

கைமரம் தம்பி சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தனான். இனி ஒரு கடிதம் எழுதுங்கோ, கோபமா வேண்டாம். சேதத்தைத் துண்டு துண்டாப் பிரியுங்கோ: வடக்குச் சரிவு ஓடு, முகட்டோடு, ஹோல் சீலிங், அறைச் சீலிங், மதில். ஒவ்வொண்டுக்கும் படம், எங்க, எப்ப எடுத்தது எண்டு. போனில எடுத்த மூலப் படத்தை அப்பிடியே வைச்சிருங்கோ, வட்ஸ்அப்பில அனுப்பினதில திகதி விபரம் போயிடும். பக்கத்து வீட்டுப் படம், கிராம உத்தியோகத்தரிட்ட ஒரு உறுதிக் கடிதம், வளிமண்டலவியல் திணைக்களக் கடிதம், தறப்பாள் வாங்கின பில். சேதம் கூடாமப் பார்த்தது உங்கட கடமை, அந்தச் செலவையும் கேளுங்கோ. கடைசியில, கூரைக்கு ஏறிப் பார்க்கிற வேற ஒரு மதிப்பீட்டாளரை வைச்சு மறுபரிசோதனை வேணும் எண்டு எழுதுங்கோ.

அதுக்கும் இல்ல எண்டா எழுத்தில இறுதிப் பதிலை வாங்கிக்கொண்டு காப்புறுதி ஒம்புட்ஸ்மனிட்ட (முறைப்பாடு விசாரிக்கிறவர்) போகலாம், வீட்டுக்காரருக்கு அது இலவசம். காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம். வழக்குத்தான் ஒரே வழி எண்டு நினைச்சுத்தான் கொட்டியாரம் தம்பியின்ட சித்தப்பா மாதிரி ஆக்கள் விட்டிட்டுப் போகினம்.

வீட்டின்ட பெறுமதியையும் பாருங்கோ. இண்டைக்குத் திரும்பக் கட்ட 80 லட்சம் போற வீட்டைப் பொலிசியில பாதிக்கு, 40க்குப் போட்டிருந்தா, 3 லட்சச் சேதத்துக்கும் பாதி, ஒண்டரைதான் வரும், அதிலயும் நீங்க தாங்கவேண்டிய முதல் தொகையைக் கழிப்பினம். ஆர் பிழையாப் பார்த்தாலும் சரியாப் பார்த்தாலும் அது நடக்கும்.

கடைசியா ஒண்டு. அப்பா வருஷா வருஷம் ஓடு மாத்தினவர் எண்டு எழுதினீங்கள். அதுக்கு ஏதும் எழுத்து இருக்கோ? பில், மேசன் குடுத்த துண்டு, என்னவும்?

அலஸ்தோட்டம்_மகள் | 2021 ஜனவரி 4

ஐயா, அப்பாட்ட ஒரு கொப்பி இருக்கு! அவர் முந்திக் கச்சேரியில (மாவட்டச் செயலகம்) வேலை, எல்லாத்தையும் எழுதி வைக்கிறவர். 64 மார்கழிச் சூறாவளிக்கு அவையின்ட திருக்கடலூர் வீட்டுக் கூரை முழுக்கப் போனதாம், அப்ப அவருக்கு ஒன்பது வயசு, அதில இருந்துதான் கூரையில அந்தக் கவனம். தம்பி இப்ப படம் எடுத்து அனுப்பினவன். '2013 ஒக்ரோபர் 6, ஓடு 14, சாந்து முகடு 4 அடி, மேசன் கூலி' எண்டு ஒவ்வொரு வருஷமும் இருக்கு. 2020 செப்ரெம்பர் வரைக்கும். இதை நாங்க ஒரு நாளும் யோசிக்கேல்ல.

ஓய்வு_மதிப்பீட்டாளர் | 2021 ஜனவரி 4

அந்தக் கொப்பியின்ட ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து கடிதத்தோட வையுங்கோ. மூலக் கொப்பியை ஆரிட்டயும் குடுக்க வேண்டாம், வாற ஆளுக்குக் கையில காட்டட்டும்.

அலஸ்தோட்டம்_மகள் | 2021 பெப்ரவரி 19

எல்லாருக்கும் முடிவைச் சொல்லவேணும் எண்டு வந்தனான், பிந்தினதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

மறுபரிசோதனைக்கு வேற ஒருத்தர் வந்தவர், வயசான ஆள், மூண்டு மணித்தியாலம் நிண்டவர். கூரைக்கு ஏறினவர், மா மரத்தடிக் குவியலில ஒவ்வொரு ஓடாத் திருப்பிப் பார்த்தவர், ஈரம் பார்க்கிற கருவியைச் சுவரிலயும் சீலிங்கிலயும் வைச்சுப் பார்த்தவர், மதிலடியையும் தோண்டச் சொன்னவர். வேர் ஒரு பக்கம் தூக்கித்தான் இருந்தது, பழைய பிளவுக்குள்ள மண், ஆனா மற்றப் பாதி புதுசா முறிஞ்சது. ஓடு (பாசி பிடிச்ச ஆறையும் விட்டிட்டு), முகடு, ரெண்டு சீலிங், தறப்பாள் எல்லாத்துக்கும் தந்திருக்கினம், ஹோலில அந்த மஞ்சள் வளைய மூலையைக் கழிச்சு. மதிலுக்குப் பாதி. மெத்தை, அலுமாரிக்கு இல்ல, ஏனெண்டா பொலிசி கட்டிடத்துக்கு மட்டும், வீட்டுச் சாமானுக்கு வேற எடுக்கவேணுமாம், அது எங்களுக்குத் தெரியாமப் போச்சு, நீங்க எல்லாரும் ஒருக்காப் பாருங்கோ.

புதுக் கடிதத்தில 'பராமரிப்பின்மை' எண்ட சொல்லு இல்ல. அம்மா சொன்னா, அப்பா கண்ணாடியைப் போட்டு முதல்ல அதைத்தான் தேடினவராம்.

கைமரம் | 2021 பெப்ரவரி 19

சந்தோசம் தங்கச்சி. கூரை வேலை முடிஞ்சுதோ? தாழ்வார வரிசை ஓட்டைச் செப்புக் கம்பியால றீப்பையோட கட்டச் சொல்லுங்கோ, முதல் ரெண்டு வரிசைக்கும் முகட்டுக்குப் பக்கத்துக்கும் எண்டாலும். செலவு பெருசா வராது.

அலஸ்தோட்டம்_மகள் | 2021 பெப்ரவரி 20

ஓம் அண்ணா, அப்பா நிண்டு கட்டுவிச்சவர். கொப்பியிலயும் எழுதிப்போட்டாராம், தம்பி படம் அனுப்பினவன்: '2021 பெப்ரவரி 11, வடக்குப் பக்கம் ஓடு 63, முகட்டோடு 9, மூண்டு வரிசை செப்புக் கம்பி. புயல்.'